பத்து மணிச் சுற்று

வீடு குளிர்ந்து கிடப்பதற்குப் புது மீட்டர்தான் காரணம் என்று மர்டினா முடிவு செய்து ஆறு வாரம் ஆகியிருந்தது. அக்டோபர் முதல் வாரத்தில் ஆட்கள் வந்து பழைய மீட்டரையும் அதன் பக்கத்திலிருந்த கறுப்புப் பெட்டியையும் கழற்றி எடுத்துக்கொண்டு, வெள்ளையாக, சத்தமில்லாத ஒன்றை மாட்டிவிட்டுப் போனார்கள். அதற்கு மறுநாளிலிருந்து கூடத்து ஹீட்டர், நடைவழி ஹீட்டர், படுக்கையறை ஹீட்டர் மூன்றும் கல்லாகிவிட்டன. சொல்லப்போனால் அவை எப்போதுமே கல்தான். இரும்புப் பெட்டிக்குள் வரிசையாக அடுக்கிய செங்கல். மின்சாரம் மலிவாக இருக்கும் நேரத்தில் கல் சூடேறும். மற்ற நேரமெல்லாம் அந்தச் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். இப்போது வெளியே விட அவற்றிடம் ஒன்றும் இல்லை.

லூயிஸ் தீவின் வடக்கு முனையில், கடலுக்கு முகம் காட்டி நிற்கும் கல்வீடு அது. மர்டினாவும் அண்ணன் ரூரியும் அங்கேதான் பிறந்தார்கள். இருவருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவருக்கு எழுபத்துநான்கு வயது. ஆடு வளர்ப்பவர். அவளுக்கு அறுபத்தொன்பது. பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்.

மீட்டர் மாற்றிய மூன்றாவது வாரம், ஒரு நாள் காலையில், ரூரி சமையலறைத் தரையில் விழுந்து கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆம்புலன்ஸில் வந்தவர்கள் அவர் உடம்பின் சூட்டை அளந்து பார்த்தார்கள். கருவியில்தான் கோளாறு என்று நினைத்து மறுபடியும் அளந்தார்கள். முப்பத்துமூன்று டிகிரி. முப்பத்தேழு இருக்க வேண்டியது. தீவின் பெரிய ஊரான ஸ்டார்னவேயின் ஆஸ்பத்திரியில் எலும்பைச் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் டாக்டர் அந்த எண்ணைத் தாளில் எழுதி, அடியில் கோடும் போட்டுவிட்டார்.

அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டுதான் எய்லி வந்தாள். ஆஸ்பத்திரி வீட்டுக்கு அனுப்பும் நோயாளிகளின் வீடுகளைப் பார்த்து வருவது அவள் வேலை. படுக்கையறைச் சுவரில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பன்னிரண்டு டிகிரி காட்டியது.

"பதினெட்டு வேணும் மர்டினாக்கா. திங்கக்கிழமை காலையில பத்து மணிக்கு வர்றேன். பதினெட்டு இருந்துச்சுன்னா அங்கயே கையெழுத்து போட்டுடறேன்."

"இல்லேன்னா?"

"இன்வர்னெஸ்ல ஒரு முதியோர் இல்லத்துல இடம் இருக்கு. செவ்வாய்க்கிழமை வரைக்கும் வெச்சிருப்பாங்க. இங்க தீவுல ஒண்ணும் காலி இல்ல."

"எத்தன நாளைக்கு?"

எய்லி கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள். "அந்த வயசுல போறவங்களுக்கு அப்படியெல்லாம் நாள் கணக்கு சொல்றது இல்லக்கா."

பெருநிலத்தில் இருக்கும் இன்வர்னெஸுக்குக் கப்பலில் இரண்டரை மணி நேரம், அப்புறம் பஸ். அங்கே ரூரியுடன் தீவு மொழியான கேலிக் பேச ஆள் கிடைக்காது. அவருக்கு ஆங்கிலம் தெரியும். ஆனால் அந்த மொழியில் அவர் வானிலையைப் பற்றி மட்டும்தான் பேசுவார்.

வீட்டில் வேறு நெருப்பும் இல்லை. ஹீட்டர்கள் வந்த வருஷமே புகைபோக்கியைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். மின்சாரக் கம்பெனி இரக்கப்பட்டு ஒரு சின்ன காற்று ஹீட்டர் அனுப்பியிருந்தது. அது முழங்காலை மட்டும் சூடாக்கியது. தரையில் ஓடிய அதன் வயரைப் பார்த்ததும் எய்லி, "நடைவண்டிய ஊனிக்கிட்டு வர்ற மனுஷன் தடுக்கி விழறதுக்கா?" என்று எடுத்து ஓரமாக வைத்துவிட்டாள்.

மர்டினா கம்பெனிக்குப் பதினொரு முறை போன் செய்திருந்தாள். பதினோராவது முறை எடுத்தவள் நல்ல பெண். அவசரமே படவில்லை.

"ஹீட்டர் பக்கத்துல சுவத்துல ஒரு சுவிட்ச் இருக்குங்களா மேடம்?"

"மூணுக்கும் இருக்கு."

"ஆன்ல இருக்கான்னு பாத்துட்டு வர்றீங்களா? நான் லைன்லயே இருக்கேன்."

மர்டினா மூன்று அறைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "மூணும் போட்டுத்தான் இருக்கு."

"சரி மேடம், அப்ப அது இல்ல." கணினியில் எதையோ தட்டும் சத்தம் கேட்டது. "ராத்திரி பதினொன்றரையிலேருந்து காலையில ஆறரை வரைக்கும் உங்களுக்கு மலிவு நேரம். ஹீட்டருக்கு அப்பதான் கரண்ட் வரும். ஆனா அந்த நேரத்துல உங்க வீட்ல கரண்ட்டே எடுக்கலியே மேடம். ஃப்ரிட்ஜ் மட்டும்தான் ஓடுது."

"அதத்தானேம்மா நானும் சொல்றேன்."

"ஆமா மேடம்."

அப்போது பகல் மூன்று மணி.

பெருநிலத்திலிருந்து ஒரு பையனையும் அனுப்பிவைத்தார்கள். காலை பதினொரு மணிக்கு வந்தான். மீட்டரில் ஏதோ எண்களை அழுத்தி ராத்திரி மின்சாரத்தைப் பகலிலேயே திறந்துவிட்டு, வயரில் ஒரு கொக்கிக் கருவியை மாட்டிப் பார்த்தான். மூன்று ஹீட்டரும் ஒழுங்காக மின்சாரம் எடுத்தன. பத்து நிமிஷத்தில் கூடத்து ஹீட்டரிலிருந்து சூடான தூசி வாசனைகூட வந்தது. அவன் மீட்டரை மறுபடி மூடிவிட்டு, 'கோளாறு இல்லை' என்று எழுதி, இரண்டு ஸ்கோன் ரொட்டி தின்றுவிட்டுக் கப்பலுக்குப் போனான். மறுநாள் காலை வீடு பழையபடி குளிர்ந்து கிடந்தது.

தினமும் மாலை ஆறரைக்கு ஆஸ்பத்திரியில் யாராவது ரூரியின் கையில் போனைக் கொடுப்பார்கள். உடம்பைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசமாட்டார்.

"ஆட்டுக்குத் தீனி போட்டியா?"

"போட்டேண்ணே."

"பின் கதவு?"

"பூட்டியாச்சு."

"பத்து மணிக்கு எல்லாத்தையும் அணைச்சிரு."

"ம்."

அதோடு வைத்துவிடுவார்.

வியாழக்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்து வெளியே வரும்போது மர்டினா கம்பம் டார்மட்டைப் பிடித்தாள். அந்த ஊரில் நான்கு டார்மட்கள் உண்டு. இவர் மின்சார இலாகாவில் நாற்பது வருஷம் லைன்மேனாகக் கம்பம் ஏறியவர்.

"எல்லாரையும் பகல்ல கூப்புட்டுக் காட்டிருக்க," என்றார் எல்லாம் கேட்டுவிட்டு. "பகல்ல அது என்ன பண்ணும்? ஆறரைக்கு மீட்டர் மூடிரும். ஏழு மணிக்குக் கல்லு மேல கைய வெச்சுப் பாத்தாத்தான் ராத்திரி என்ன நடந்துச்சுன்னு தெரியும். நாளைக்கு வர்றேன். டீ போட்டு வை."

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு வெளியே இன்னும் இருட்டு. மழை படுக்கைவாட்டில் அடித்துக்கொண்டிருந்தது. டார்மட் தொப்பியை உதறிவிட்டு நடைவழிக்கு வந்து ஹீட்டரில் உள்ளங்கையை வைத்தார்.

"பொணம் மாதிரி இருக்கு."

"ஆறு வாரமா இப்படித்தான் கெடக்கு," என்று சொல்லிக்கொண்டே மர்டினா அவரைத் தாண்டிக் கூடத்துக்குப் போனாள். ஹீட்டர் சுவிட்சைப் போட்டாள். சமையலறைக்குப் போய் ரேடியோ சுவிட்சைப் போட்டாள். கெட்டில் சுவிட்சைப் போட்டாள். "பால் ஊத்தட்டுமா?"

"இரு. இப்ப என்ன செஞ்ச?"

"என்ன செஞ்சேன்? டீ போடறேன்."

"அதுக்கு முன்னாடி."

"ரேடியோ போட்டேன்."

"அதுக்கும் முன்னாடி, தாயே."

மர்டினா தன் கையைப் பார்த்தாள். யோசிக்க வேண்டியிருந்தது. "சுவிட்ச் போட்டேன். ஹீட்டரு சுவிட்ச்."

"அத எப்ப அணைச்ச?"

"பத்து மணிக்கு. பின்ன அணைக்காம?"

டார்மட் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். சிரிப்பு உடனே வரவில்லை. முதலில் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "மூணையுமா?"

"வீட்ல இருக்கற எல்லாத்தையும். ஃப்ரிட்ஜத் தவிர. அண்ணன் இருந்தா அவரு சுத்தி வருவாரு. இப்ப நான். காலையில எந்திரிச்சதும் திரும்பப் போட்ருவோம்."

"மீட்டரு பதினொன்றரைக்குக் கதவத் தொறக்குது. நீ பத்துக்கே உள் பக்கமாத் தாழ்ப்பாள் போட்டுடற. அது ஏழு மணி நேரம் வாசல்ல நின்னுட்டுப் போயிருது. அப்புறம் நீ வந்து தாழ்ப்பாளத் தொறந்துட்டு, 'ஒருத்தரும் வரலியே'ங்கற." இப்போது சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சிரிக்காத டார்மட். முப்பது வருஷமா அப்படித்தான் அணைக்கறோம். முப்பது வருஷமா சூடு வந்துச்சே?"

"பழைய பெட்டி மத்தியானம் ஒருவாட்டி தொறக்கும், சாயந்திரம் ஒருவாட்டி தொறக்கும், ராத்திரி ஒருவாட்டி தொறக்கும். ரேடியோ அலை வந்து தொறந்துவிடும். அந்த அலைய நிறுத்திட்டாங்கன்னுதான் மீட்டர மாத்துனாங்க. இப்ப எல்லாத்தையும் ராத்திரியில மொத்தமாத் தர்றாங்க. நீங்க அப்பல்லாம் பகல் பங்க வாங்கிட்டு ராத்திரிப் பங்க விட்டிருக்கீங்க."

"அப்ப பாதி சூட்டுலதான் இருந்தோமா?"

"பாதிக்கும் கீழ."

மர்டினா கெட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மற்றவர்கள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அங்கிருக்கும் சூட்டில் அவளுக்கு மூச்சு முட்டும். ஊதாரிகள் என்று நினைத்துக்கொள்வாள். "எங்களுக்கு அது போதுமாத்தான் இருந்துச்சு," என்றாள்.

"இன்னிக்கு ராத்திரி அணைக்காத. அவ்வளவுதான் வேலை."

சனிக்கிழமை காலை டார்மட் ஆர்வம் தாங்காமல் மறுபடி வந்து ஹீட்டரைத் தொட்டுப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டு அவளிடம் திரும்பினார்.

"அணைச்சியா?"

"அணைச்சேன்."

"ஏன்?"

"சாயந்திரம் அண்ணன் போன்ல சொன்னாரு, பத்து மணிக்கு அணைச்சிருன்னு. நான் ம்னு சொல்லிட்டேன்."

"பொய்யா ஒரு ம் போடக் கூடாதா உனக்கு?"

"நீ போடுவியா?"

டார்மட் தேவாலயத்தில் சங்கீதத்தை எடுத்துக்கொடுத்துப் பாடுபவர். பொய் அவருக்கும் வராது. "இன்னும் ரெண்டு ராத்திரிதான் இருக்கு," என்று மட்டும் சொன்னார்.

அவள் ஒன்பது மணி பஸ்ஸைப் பிடித்தாள். ஆஸ்பத்திரியில் ரூரி தலையணையில் சாய்ந்து ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மர்டினா கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்து, டார்மட் சொன்ன எல்லாவற்றையும் அப்படியே சொன்னாள். அவர் கடைசிவரை கேட்டார்.

"ராத்திரி பூரா கரண்ட் ஓடற வீட்ல நான் தூங்கமாட்டேன்."

"அப்ப இன்வர்னெஸ்ல போயித் தூங்கு."

"ஏய்."

"நான் சொல்லலண்ணே. எய்லி சொல்றா. திங்கக்கிழமை பதினெட்டு இல்லேன்னா செவ்வாய்க்கிழமை கப்பல்ல ஏத்திருவாங்க."

"கீழ் வீட்டுல அன்னிக்கு..."

"தெரியும்."

அறுபத்துநான்கு வருஷத்துக்கு முன்னால், சரிவில் கீழே இருந்த பக்கத்து வீடு, ராத்திரி அணைக்காமல் விட்ட ஒரு இஸ்திரிப் பெட்டியால் எரிந்தது. பத்து வயது ரூரி விடியும்வரை வாளி தூக்கினார். அந்தப் பேச்சை அவர் எப்போது தொடங்கினாலும் இந்த இடம் வரைக்கும்தான் வந்திருக்கிறது.

கட்டிலுக்கு அடியிலிருந்து சன்னமாக ஒரு இரைச்சல் வந்துகொண்டிருந்தது. மர்டினா குனிந்து பார்த்தாள்.

"இது என்ன சத்தம்?"

"காத்து. இந்தக் கட்டடத்துல எப்பவும் அடிச்சிக்கிட்டே இருக்கு."

"காத்து இல்லண்ணே. மெத்தை. படுக்கைப் புண்ணு வராம இருக்க ஊதி ஊதி எறக்குது. இந்தா வயரு, சுவத்துல சொருகியிருக்கு பாரு. மூணு வாரமா ராத்திரி பகலா கரண்டு மேலதான் படுத்திருக்க."

ரூரி முழங்கையை ஊன்றி, வலியோடு எட்டி, அந்த வயரைப் பார்த்தார். சுவர்வரை கண்ணாலேயே அதைத் தொடர்ந்துபோனார். மறுபடி படுத்துக்கொண்டார்.

"ஒருத்தரும் சொல்லலியே," என்றார்.

"சொன்னா நீ படுப்பியா?"

"சரி. நீ அணைக்காம விட்டுடுவ. நான் வந்தா அணைச்சிருவேன். வேணும்னு இல்ல. பத்து மணி ஆச்சுன்னா கை போயிரும். தூக்கத்துலகூடப் போவேன்."

"அதுக்கு என்ன பண்றது?"

"கம்பம் டார்மட்ட அந்த சுவிட்ச் மேல பெட்டி அடிக்கச் சொல்லு. மூணுக்கும். ரெண்டு ஸ்குரு போதும்பான், ஒத்துக்காத. நாலு போடச் சொல்லு. ஸ்குரு டிரைவரு நம்ம வீட்ல இருக்கக் கூடாது. அவன் வீட்லயே இருக்கட்டும்."

"ஏதாச்சும் அவசரம்னா?"

"மெயின அணை. அத நான் தெனமும் அணைக்கறதில்ல."

அன்று இரவு எட்டு மணிக்குள் டார்மட் வேலையை முடிக்க வேண்டியிருந்தது. மறுநாள் ஓய்வுநாள். ஞாயிற்றுக்கிழமை அந்த ஊரில் யாரும் துணிகூடக் காயப்போடமாட்டார்கள். ஸ்குருவா முடுக்குவார்கள்? தன் கொட்டகையில் கிடந்த சாம்பல் நிறப் பிளாஸ்டிக் பெட்டிகளை வெட்டிச் சுவிட்சுகளின் மேல் கவிழ்த்து முடுக்கினார். பன்னிரண்டு ஸ்குரு.

"ஜெயிலு மாதிரி இருக்கு," என்றார்.

"யாரு உள்ள, யாரு வெளிய?"

"அதெல்லாம் உங்க குடும்ப விவகாரம்." ஸ்குரு டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

பத்து மணிக்கு மர்டினா சுற்றி வந்தாள். ரேடியோ, கெட்டில், விளக்கு. ஹீட்டர் சுவிட்சுகள் இருந்த இடத்தில் அவள் விரல் பிளாஸ்டிக்கில் முட்டி நின்றது. மூன்று இடத்திலும்.

ஞாயிறு காலை கூடத்து ஹீட்டர் ஆட்டின் வயிறு போல வெதுவெதுப்பாக இருந்தது. படுக்கையறை வெப்பமானி பதினான்கு காட்டியது. ஆறு வாரக் குளிர் சுவரில் ஏறியிருந்தது. கல் விட்ட சூட்டையெல்லாம் முதலில் சுவர்தான் குடித்தது. காலை ஆராதனைக்குப் போய்விட்டு வந்து, சனிக்கிழமையே சமைத்து வைத்த சூப்பைக் குடித்துவிட்டு, மர்டினா படுக்கையறை ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதன் மேல் மூடி லேசாகத் தூக்கியிருந்தது. உள்ளே ஒரு திருகு. ராத்திரி எவ்வளவு சூடு வாங்குவது என்பதற்கானது. ஒன்றிலிருந்து ஆறுவரை எண்கள். முள் மூன்றில் நின்றது. ஹீட்டர் வந்த நாளிலிருந்து அது மூன்றில்தான் நிற்கிறது. நேற்று டார்மட்டும் பார்க்கவில்லை, அவளும் பார்க்கவில்லை.

அவள் அதைத் தொடாமல் மாலை ஆராதனைக்குப் போனாள். வாசலில் டார்மட் நின்றிருந்தார்.

"படுக்கையறைத் திருகு மூணுல இருக்கு," என்றாள்.

டார்மட் வானத்தைப் பார்த்தார். "அதுல ஆறு வரைக்கும் இருக்கு."

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை."

"நான் கிழமையப் பத்திப் பேசல. ஆறு வரைக்கும் இருக்குன்னு சொன்னேன்."

ஓய்வுநாளில் அவசியமான வேலையும் இரக்கத்தின் வேலையும் செய்யலாம் என்று சின்ன வயதில் இருவரும் சேர்ந்துதான் மனப்பாடம் செய்தார்கள். கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்கலாம். பசுவுக்குப் பால் கறக்கலாம். திருகைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. மர்டினா வீட்டுக்கு வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல், ஹீட்டர் முன்னால் நின்று இது அவசியமா இரக்கமா என்று யோசித்தாள். எது என்று தெரியவில்லை. இரண்டில் ஏதோ ஒன்றாக இருந்தால் போதும் என்று ஆறுக்குத் திருப்பினாள். திருகு இறுகிப்போயிருந்ததால் இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை எய்லி பத்தேகாலுக்கு வந்தாள். படுக்கையறைக்குப் போனதும் மர்டினா முந்திக்கொண்டாள்.

"சுவத்துல பதினேழரைதான் காட்டுது. ஒம்பதரையிலேருந்து பாத்துக்கிட்டு இருக்கேன். ஏறல."

எய்லி தன் பையிலிருந்து ஒரு கருவியை எடுத்துத் தலையணைமேல் வைத்தாள். இருவரும் கட்டிலின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். ஜன்னலில் மழை அடித்தது. ஐந்து நிமிஷம் கழித்து எய்லி அதை எடுத்துப் பார்த்தாள்.

"பதினெட்டு புள்ளி நாலு."

"ஆனா சுவத்துல..."

"அக்கா, உங்க அண்ணன் சுவத்துலயா படுக்கப்போறாரு?" தாளை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டு எழுதினாள். பாதியில் நிமிர்ந்தாள். "அந்தப் பெட்டி என்னது?"

"சுவிட்சுக்கு."

"கொழந்தைங்க யாராச்சும் வருவாங்களா?"

"இல்ல. எங்களுக்குத்தான்."

எய்லி அவளையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

புதன்கிழமை மத்தியானம் ரூரி வந்தார். நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு நடைவழியில் பாதி தூரம் வந்ததும் நின்றுவிட்டார். திருகு இன்னும் ஆறில்தான் இருந்தது. கல் நான்கு இரவு மின்சாரத்தைக் குடித்திருந்தது. சுவரும் நிறைந்துவிட்டது. வெப்பமானியில் இருபத்திரண்டு.

"என்ன வீடா இது, ரொட்டி சுடுற அடுப்பா?"

"பதினெட்டு கேட்டாங்க. கொஞ்சம் கூடப் போச்சு."

"கொஞ்சமா?" கோட்டைக் கழற்றினார். கம்பளிச் சட்டையைக் கழற்றினார். கட்டிலில் உட்கார்ந்ததும் உள்சட்டைப் பொத்தானை அவிழ்த்துக்கொண்டார். முகம் சிவந்திருந்தது. "இந்தச் சூட்டுல மனுஷன் எப்படித் தூங்கறது? அந்த ஜன்னலத் தொற."

"தொறந்தா எய்லி திட்டுவா."

"அவளா இங்க படுக்கப்போறா? தொற, புள்ள."

மர்டினா போய் ஜன்னலை இரண்டு விரல் அகலத்துக்குத் தூக்கிவிட்டாள். கடல் காற்று உள்ளே வந்தது. ரூரி காலை நீட்டிப் படுத்துக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம்," என்றார்.